பக்கத்து வீட்டு பேட்டரி

பக்கத்து வீட்டு அக்காவின் மின்சார சைக்கிள் ஒரு நாள் வெடிக்கும், நான் கைலியோடு பதினொன்றாவது மாடியிலிருந்து பறந்து போய் ஜெலுத்தோங் கடலோரச் சாலையில் விழுவேன் என்று ஐம்பத்திரண்டு வயதில் மனதார நம்பினேன். காற்றில் கைலி குடைபோல விரிவதுகூட எனக்குத் தெரிந்தது. விழும்போது ஊரே பார்க்குமே என்று கிழிந்த கைலிகள் இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உயிரைப் பற்றிய பயத்தில் மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று எழுதியவர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை.

எங்களுடையது மலிவுவிலை அடுக்குமாடி. ஒரு மாடிக்குப் பதினான்கு வீடுகள், அவற்றுக்கு முன்னால் ஒரே நீளமான நடைபாதை. அக்காவின் கதவுக்கும் என் கதவுக்கும் இடையில் நாலு அடி சுவர். அந்த நாலு அடியில் ஒரு காலத்தில் அக்காவின் துளசித் தொட்டி இருந்தது. பிறகு சைக்கிள் வந்தது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தேழு இருக்கும். கணவர் இல்லை. ஊருக்குள் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில், துணி அறையில் வேலை. நோயாளிகளின் விரிப்புகளை அலசி, காய வைத்து, மடித்து அடுக்கும் இடம். காலை ஏழு மணிக்கு விரல் வைக்கும் மெஷினில் விரல் வைத்துவிட வேண்டும். ஏழு ஐந்துக்கு வைத்தால் அது தாமதம். எங்கள் அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் அதற்கு யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். அக்கா ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். மூன்றாவது கடிதம் வந்தால் வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? இது எனக்கு ஊகமில்லை, நடைபாதையில் நின்று அக்காவே என்னிடம் சொன்னது. அதாவது, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மோட்டார் ஓட்ட லைசென்ஸ் எடுக்க அக்கா இரண்டு முறை போனார். ஒடுக்கமான பலகைமேல் ஓட்டிக் காட்டும் சோதனையில் இரண்டு முறையும் காலைக் கீழே ஊன்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தச் சைக்கிள். கத்தரிப்பூ நிறம், சின்னச் சக்கரங்கள், முன்னால் ஒரு கூடை, சீட்டுக்கு அடியில் கறுப்புப் பெட்டியாக ஒரு பேட்டரி. மிதிக்கலாம், கைப்பிடியை முறுக்கினால் மிதிக்காமலும் போகும்.

முதல் நாள் லிஃப்டிலிருந்து அவர் அதை உருட்டிக்கொண்டு வந்தபோது நான் சும்மா இருப்பேனா?

"என்னாக்கா, பள்ளிக்கூடம் சேர்ந்துட்டீங்களா?"

"ஆமா தம்பி, உங்க வகுப்புலதான் போட்டிருக்காங்க. நீங்கதான் இன்னும் பாஸாகலையாமே."

அக்காவின் வாய் அப்படி. எங்கள் மாடியில் என் கிண்டலுக்கு எதிர்க்கிண்டல் செய்யக்கூடிய ஒரே ஆள் அவர்தான். கல்யாண வீடு, கருமாதி வீடு, காலை உணவுக்கடை, எங்கே போனாலும் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். அந்த மிதப்பு எனக்கு உண்டு.

சாயங்காலம் சோறு வடிக்கும் நேரத்தில் அக்கா ஜன்னல் கம்பி வழியே ஒரு ஒயரை விட்டு பேட்டரிக்குச் சொருகுவார். படுக்கப் போகும்முன் சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும். ஒயரை உருவிவிடுவார். இரண்டு மூன்று நாளுக்கு அது போதும்.

"கரண்டு பில்லு ஏறிரும்லாக்கா," என்றேன் ஒரு நாள்.

"நீங்க சுடுதண்ணியில பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறீங்களே, சுவரு வழியா கேக்குது. அந்த ஒரு குளியல் கரண்டுல நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, மறுபடியும் போயிட்டு வந்துருவேன் லா. பாட்டாவது நல்லா இருந்தா பரவால்ல."

அது எவ்வளவு உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. நான் காடியில் போகிறவன், சொந்தக் கார். ஒரு டன் இரும்பு, அதற்குள் எண்பத்தைந்து கிலோ நான், பக்கத்து சீட்டில் கடையில் தபாவ் கட்டி வாங்கிய ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. இந்தப் பொட்டலத்தையும் என்னையும் நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அத்தனை இரும்பும் அத்தனை பெட்ரோலையும் எரித்துக்கொண்டு, பாதி நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு நாள் அக்காவுக்கு மாலை ஷிஃப்ட். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குள் போகிற வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். இடதுபக்கம் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று சத்தமில்லாமல் போனது. மழைக்கோட்டு, கூடையில் சாப்பாட்டுத் தூக்கு. என் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு அக்கா போயே போய்விட்டார். நான் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து முன்னால் இருந்த லாரியின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளுக்கும் எனக்கும் உண்மையான பகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது. கீழே கார் நிறுத்துமிடத்தில் ஏழெட்டுப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். "ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க தம்பி," என்றார் அக்கா. நான் ஏறி உட்காருவதற்கு முன்பே, நிலை தடுமாறாமல் இருக்கக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிடியில் அது முறுகிவிட்டது. சைக்கிள் புறப்பட்டது. விட்டிருக்கலாம். விடவில்லை. பயந்தவன் எதையும் விட மாட்டான், இன்னும் இறுக்குவான். இறுக்க இறுக்க அது வேகம் எடுக்க, நான் பக்கத்தில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் தரையிலுமாக நொண்டிக்கொண்டே ஓடி, மறுசுழற்சித் தொட்டிகளில் நீல நிறத் தொட்டிக்குள் தலையைக் கொடுத்தேன். பழைய செய்தித்தாள்கள். அடி படவில்லை.

அக்கா ஓடி வந்தார். குனிந்து சைக்கிளைத்தான் முதலில் தூக்கினார்.

"அடி ஒன்னும் படலையே, தங்கம்?" என்று அதன் கூடையைத் தடவினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "தம்பி, தொட்டிய மாத்திட்டீங்க. பேப்பர் போடுற தொட்டி இது. உங்களுக்கு உள்ளது பக்கத்துல இருக்கிற குப்பத்தொட்டி."

அந்தச் சிரிப்பு மூன்றாவது மாடிவரை கேட்டது. என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரிக்க வைக்கிறவன், என்னைப் பார்த்து ஊர் சிரிப்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. பயம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் யோசித்தபோதெல்லாம் அந்த நீலத் தொட்டிக்குத்தான் வந்து சேர்கிறேன். இருந்தாலும் அப்போது கேட்டிருந்தால் 'பொதுமக்கள் பாதுகாப்பு' என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரமே கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு லிஃப்ட், அதற்குள் ஒரு மின்சார சைக்கிள், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீ. அதை நான் பதினேழு முறை பார்த்தேன். எங்கள் அடுக்குமாடிக் குழுவில் போட்டு, கீழே 'கவனம் மக்களே' என்று எழுதி, மூன்று தீ படங்களும் சேர்த்தேன். அந்தப் பேட்டரி எந்த வகை, அதை யார் எப்படிக் கெடுத்துவைத்திருந்தார்கள், அக்காவுடையதும் அதே வகையா என்று நான் பார்க்கவில்லை. தீ எரிந்தது, சைக்கிளில் எரிந்தது, எனக்கு அது போதும்.

பிறகு நாற்றம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றுகிறேன், பிளாஸ்டிக் கருகும் நாற்றம். மெல்லியதுதான். கதவோரம் லேசாக, கூடத்தில் கொஞ்சம் அதிகமாக. கூடத்தில் அதிகம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்குக் குற்றவாளி யார் என்று முன்பே தெரியுமே. சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று நான் செய்தவை: பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், கல்யாண ஆல்பம், என் இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பயணப்பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாளி மணல் கொண்டுவந்தேன். பதினொரு மாடிக்கு மணல் சுமந்தவனைப் பார்த்து, வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா, "ஊட்டுக்குள்ள ஊடு கட்டுறீங்களாண்ணே?" என்று கேட்டார். மறுநாள் காலை மனைவியை இழுத்துக்கொண்டு படிக்கட்டு வழியாகத் தப்பிக்கும் ஒத்திகை. பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். கீழே போய்த் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். ஆறாவது மாடியில் தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒத்திகைக் கணக்குப்படி நான் அன்று மனைவியை இழந்தவன்.

"நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தேடுங்க மொதல்ல," என்றாள் அவள், மேலே வந்து மூச்சு வாங்கியபடி.

"தேடிட்டேன். அக்கா பேட்டரி."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? வீடியோவுல பாத்தேனே."

அவளுக்காகவே அன்று சாயங்காலம் நடைபாதையில் மண்டியிட்டு, சைக்கிளின் சீட்டுக்கு அடியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். கதவு திறந்தது.

"தம்பி, கும்புடுறதா இருந்தா வெள்ளிக்கிழமை வாங்க. பொட்டு வெச்சு வைக்கிறேன்."

"கருகுற வாடை வருதுக்கா. உங்களுக்கு வரலியா?"

அக்காவும் குனிந்து மோந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மோந்தார். "எனக்கு எந்த வாடையும் தெரியாது தம்பி. பதினெட்டு வருஷமா துணி வெளுக்கிற குளோரோக்ஸுல நிக்கிறேன். என் மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு." சொல்லிவிட்டு, முதல் முறையாக, கிண்டல் இல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். "மெய்யாவா வருது?"

"மெய்யாத்தான்," என்றேன். மெய்தான், வாடை வந்தது.

அந்த ஞாயிறு குடியிருப்பாளர் கூட்டம். கீழ்த்தளத்து மண்டபத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் மலாய்க்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், நிதானமான மனிதர். லிஃப்ட், குப்பை, பூனை எல்லாம் பேசி முடித்ததும், "வேறு ஏதாவது?" என்றார். நான் எழுந்தேன்.

பேச வேண்டியதை நான் வீட்டிலேயே மலாயில் தயாரித்து வைத்திருந்தேன். உண்மையில் அது பேச்சில்லை, நிகழ்ச்சி. பயணப்பையைக் கொண்டுபோயிருந்தேன். அதைத் திறந்து ஆல்பத்தை எடுத்துக் காட்டி, "இதுதான் மிச்சம் இருக்கும், இதில் நான் ஒல்லியாக இருப்பதால் போலீசுக்கு அடையாளம் தெரியாது" என்றேன். மண்டபம் சிரித்தது. நான் பறப்பதை நடித்துக் காட்டினேன். கைலி விரிவதை நடித்துக் காட்டினேன். ஒரு சீனப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலத் தொட்டியில் விழுந்தவனுக்கு அந்தச் சிரிப்பு தேன் மாதிரி இறங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஐந்து நாளாக வரும் வாடையைப் பற்றிச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கினார்கள். ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுப் பயமுறுத்தினால், அது நீங்கள் காட்டும் பக்கம் போகும். எனக்கு அது தெரியும்.

"இவருக்கு எப்படித் தெரியும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அண்ணே பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலதான் வேல. எலக்ட்ரானிக் ஃபேக்டரி. அவருக்குத் தெரியாதா?" என்றது இன்னொரு குரல்.

அந்தத் தொழிற்சாலையில் என் வேலை அட்டைப்பெட்டி ஸ்டோரில். பெட்டி மடிப்பேன், எண்ணுவேன், கையெழுத்துப் போடுவேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. மண்டபத்தில் நான் அதைச் சொல்லவில்லை. தலையை மெல்ல, விஷயம் தெரிந்தவன்போல ஆட்டினேன்.

அக்கா எழுந்து நின்றார். வேலைக்குப் போகும் நீலச் சட்டையோடேயே வந்திருந்தார். மலாய் அவருக்குச் சரளமாக வரும், ஆனாலும் அன்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "கீழ வெச்சா எங்க தம்பி சார்ஜு போடுறது? ஏழு மணிக்கு நான் எப்படிப் போய்ச் சேர்றது?"

"பறந்துதான்க்கா," என்றேன். "என்கூட."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை வாயடைக்க வைத்தது அதுதான் முதல் முறை என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன், வெற்றி என்று.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உறுதியாகச் சொல்கிறீர்களா? அந்த அம்மாவுக்கு வேலை விஷயம்." நூறு விழுக்காடு என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். என் மனைவியைத் தவிர எல்லாருமே தூக்கியதுபோல இருந்தது. மின்சார சைக்கிளும் அதன் பேட்டரியும் லிஃப்டிலோ நடைபாதையிலோ வீட்டுக்குள்ளோ கூடாது. கீழே மோட்டார் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம். கொட்டகையில் பிளக் கிடையாது.

அன்று மாலையே அக்கா சைக்கிளைக் கீழே கொண்டுபோனார். அந்த நாலு அடி காலியானது. நான் கதவைத் திறந்துவைத்து நன்றாக மூச்சு விட்டேன். பேட்டரியில் மிச்சம் இருந்தது இரண்டு நாளுக்கு வந்தது. மூன்றாவது நாளிலிருந்து அவர் அதை மிதித்தார். மோட்டார் இல்லாமல் மிதிக்க அது செய்யப்பட்ட வண்டியில்லை. பேட்டரியின் கனத்தோடு மேம்பாலத்தில் ஏறும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை என் காடியிலிருந்து பார்த்தேன். அன்று நெரிசல் இல்லை. எனக்குச் சுலபமாகத் தாண்டிப் போக முடிந்தது.

வீட்டில் நாற்றம் மட்டும் போகவில்லை.

முதலில், போன நாற்றத்தின் மிச்சம் என்றேன். சுவர் உறிஞ்சி வைத்திருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை காலை, நான் காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போது, சாமி மேடையைத் துடைக்கப் படங்களை இறக்கியவள் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. உங்க குண்டு இங்க இருக்கு."

எங்கள் சாமி மேடையில் விளக்கு அணைவதே கிடையாது. எங்கள் மாடியில் எந்தத் தமிழர் வீட்டிலும் அப்படித்தான். சிவப்பு பல்பு ஒன்று, முருகன் தலைக்குப் பின்னால் சுற்றும் கலர் சக்கரம் ஒன்று, ஓம் ஓம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி ஒன்று, போன தீபாவளிக்குப் போட்டுவிட்டுக் கழற்றாத சரவிளக்கு ஒன்று. நாலையும் ஒரே நீட்டிப்பு ஒயரில் சொருகி, அதை இன்னொரு நீட்டிப்பில் சொருகி, அசிங்கமாகத் தெரியாமல் இருக்கப் படத்துக்குப் பின்னால் மறைத்தது நான்தான். பல வருடம் இரவு பகல் அணைத்ததில்லை. வீட்டில் எதைச் சந்தேகப்பட்டாலும் சாமி மேடையை யார் சந்தேகப்படுவார்கள்? பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. சுவர் கறுத்திருந்தது. முருகன் படத்தின் பின் அட்டை, ரொட்டி கருகியதுபோல பழுப்பாக, விரல் வைத்தால் உதிர்ந்தது.

ஒரு மனுஷி கொஞ்சம் கரண்டில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நான் அதைவிட அதிகக் கரண்டில், ஆளில்லாத நேரத்திலும் ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன். ஆபத்து என்று நான் ஊரையே கை தூக்க வைத்தது யாருக்கு எதிராக? சுவிட்சை அணைத்தேன். ஓம் பாதியில் நின்றது.

"போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"இப்பவா?"

"இல்ல, அடுத்த ஜென்மத்துல."

"அக்கா வேலைக்குப் போயிருப்பாங்க. சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம் உருகிய ஒயரை ஒரு பையில் போட்டேன். ஆதாரம் காட்டிச் சொல்லத்தான் எடுத்துப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். குப்பையில் போடத்தான் எடுத்துப் போகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அக்கா, வேர்வையில் நனைந்து, குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

"அக்கா..." என்றேன்.

"நானே உங்கள்ட்ட பேசணும்னு இருந்தேன் தம்பி." அவர் வெளியே வந்து சுவரைப் பிடித்து நின்றார். "கூட்டத்துல நீங்க பேசுனப்ப எனக்குக் கோவந்தான். ராவும் பகலும் திட்டினேன் உங்கள. அப்பறம் யோசிச்சேன். எனக்கு மூக்கு இல்ல. உங்களுக்கு இருக்கு. இந்த மாடியில சின்னப் பிள்ளைங்க மட்டும் எத்தன இருக்கு? எரிஞ்சிருந்தா யாருக்கு நான் பதில் சொல்லுவேன்? நல்லவேள, சொன்னீங்க."

பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"என்னா பையில?" என்றார்.

"குப்பக்கா."

"குடுங்க, நான் போடுறேன். நான் மறுபடி கீழதான் போவணும், சாப்பாட்டுத் தூக்க சைக்கிளிலேயே விட்டுட்டேன்."

கொடுத்தேன். என் ஆதாரத்தை அக்காவே கொண்டுபோய்ப் போட்டார்.

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். சிரிக்கும்படி சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று அதற்கு வசனம்கூட யோசித்தேன்: வெடிக்கப் பார்த்தது பேட்டரி இல்லை, பக்தி. நல்ல வசனம்தான். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அதற்குள் ஒரு ஞாயிறு, பழைய சாமான் வாங்கும் லாரி ஒலிபெருக்கியோடு வந்தது. பழைய துணி, பழைய பேட்டரி, பழைய இரும்பு என்று மலாயில் ஓதிக்கொண்டே கொட்டகைப் பக்கம் நின்றது. நான் காடி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஒரு கை புடிங்க."

"ஏன்க்கா, குடுக்கிறீங்க? வேற யாருக்காச்சும் வித்துரலாம்ல?"

"வித்து? அவங்க வீட்ல எரியவா?" என்றார்.

லாரிக்காரர் முதலில் பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். லாரியிலேயே இருந்த ஏதோ ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, பின்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை முறுக்கினார். சக்கரம் சர்ரென்று சுற்றியது. அவர் முகத்தில் வியப்பு. "நல்லாத்தானே இருக்கு? பேட்டரியும் சுத்தமா இருக்கு. ஏன் தூக்கிப் போடுறீங்க?" என்று மலாயில் கேட்டார்.

அக்கா என்னைக் கை காட்டினார். "இவர் ஃபேக்டரியில வேல செய்றவர். ஆபத்துன்னு சொல்லிட்டார்."

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. என் கையில் காடி கழுவிய துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு வாக்கியம் போதும். அக்கா, நாற்றம் என் வீட்டில். சைக்கிளை ஏத்தாதீங்க. அவ்வளவுதான். வசனம் தேவையில்லை, நடிப்பு தேவையில்லை. கொட்டகைப் பக்கம் அஞ்சாறு பேர் வேறு நின்றார்கள்.

"ஏத்துங்க," என்றேன்.

முன்சக்கரத்தை அக்கா பிடித்தார், பின்சக்கரத்தை நான் பிடித்தேன்.

அக்கா மறுபடி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார். ஆறாவது வாரத்தில் மூன்றாவது கடிதம் வந்தது. வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவுகிறார். சைக்கிளில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் போனேன், லிஃப்டைப் பற்றிப் பேசினேன். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.